தண்ணீர், நிலக்கரி, மரண வரி: சாட்ஸ்வொர்த் மாளிகையின் கதை

1549ல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருந்த சாட்ஸ்வொர்த் என்ற பண்ணையும் வீடும் 600 பவுண்டுக்குக் கைமாறின. வாங்கியவர் சர் வில்லியம் கேவண்டிஷ். மடாலயங்களின் சொத்துகளை எட்டாம் ஹென்றி பறிமுதல் செய்தபோது கணக்கெடுக்கப் போன அதிகாரிகளில் ஒருவர் அவர். அந்த வேலை அவரைப் பணக்காரர் ஆக்கியது. தெற்கே இருந்த நிலங்களை விற்றுவிட்டு டெர்பிஷயருக்கு வரச் சொன்னவர் அவர் மனைவி பெஸ். அது அவருடைய சொந்த ஊர்ப்பக்கம். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீடு கேவண்டிஷ் குடும்பத்தோடுதான் இருக்கிறது. 1694 முதல் அவர்களுக்கு டெவன்ஷயர் டியூக் என்ற பட்டம்.

இப்படிப்பட்ட மாளிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணங்களையும் ஓவியங்களையும் வரிசைப்படுத்துவார்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டுக்குள் என்ன வந்தது, என்ன வெளியே போனது என்று பார்ப்பதுதான் சரியான வழி. குத்தகைப் பணமும் தாதுவும் தண்ணீரும் நிலக்கரியும் வந்தன. கடனும் வரியும் ஏலமுமாக வெளியே போயின. ஒரு தலைமுறை ஆசைப்பட்டுக் கட்டியதைக் காப்பாற்ற அடுத்த தலைமுறை எதையாவது விற்றது. சாட்ஸ்வொர்த்தில் இந்தக் கணக்கு மற்ற இடங்களைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

பெஸ் காலத்துக் கட்டடங்களில் இன்று வெளிப்படையாக நிற்பவற்றில் முக்கியமானது மலை மேலுள்ள வேட்டைக் கோபுரம். வில்லியம் இறந்தபின் பெஸ் மறுமணம் செய்துகொண்டார். அவருடைய நான்காம் கணவர் ஷ்ரூஸ்பரி பிரபுவிடம்தான் ஸ்காட்லாந்து அரசி மேரியைக் காவலில் வைக்கும் பொறுப்பை முதலாம் எலிசபெத் ஒப்படைத்தார். அதனால் 1569க்குப் பிறகு மேரி பலமுறை இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டார். ஆனால் பெஸ்ஸின் வீடு முழுதாக மறைந்துவிடவில்லை. ஒரு விசித்திரமான வடிவத்தில் இன்றைய வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதைப் புரிந்துகொள்ள 1687க்கு வர வேண்டும். டெவன்ஷயரின் நான்காம் பிரபு வில்லியம் (பின்னாளில் முதல் டியூக்) அரண்மனையில் கல்பெப்பர் என்ற ராணுவ அதிகாரியைத் தாக்கியதற்காக அவருக்கு 30,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அதைக் கட்டாமல் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து ஒதுங்கிய காலத்தில்தான் வீட்டைத் திருத்திக் கட்ட ஆரம்பித்தார். முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம் எதுவும் இல்லை. நடுவில் முற்றம், நாலு பக்கமும் கட்டடம் என்பது பழைய அமைப்பு. முதலில் தெற்குப் பக்கத்தை மட்டும் வில்லியம் டால்மன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து மாற்றினார். அது பிடித்துப்போனது. பிறகு கிழக்கு, அப்புறம் மேற்கு, கடைசியில் வடக்கு. இருபது ஆண்டுகள் ஓடி 1707ல் வேலை முடிந்தபோது அவரும் இறந்துபோனார்.

பக்கம் பக்கமாக மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வீடு ஒரு பாடம். பழைய கட்டடத்தின் அளவுகளுக்குள் புதியது அடங்க வேண்டும். எலிசபெத் காலத்தில் விருந்தாளி அரசருக்கான அறைகளை உச்சி மாடியில் வைப்பது வழக்கம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டும்போது அது பழைய பாணி ஆகியிருந்தது. ஆனாலும் சுவர்களும் தளங்களும் அங்கே இருந்ததால் அரச அறைகள் மேலேயே தங்கிவிட்டன. தெற்கு முகப்பில் ஜன்னல்கள் 12 வரிசை. இரட்டைப்படை எண் என்பதால் நட்டநடுவில் ஜன்னல் வராது. முகப்பின் மையம் எது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். அத்தனை செலவு செய்து, மூன்றாம் வில்லியமும் மேரியும் வந்து தங்குவார்கள் என்று அலங்கரித்த அறைகளுக்கு அவர்கள் வரவே இல்லை.

அடுத்த நூறு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரம்பரையில் மூத்த மகனுக்கே எல்லாம் என்ற முறையால் சொத்து உடையவில்லை. உயிலும் திருமண ஒப்பந்தமும் சேர்ந்து, அப்போதைய டியூக் அனுபவிக்கலாம், விற்க முடியாது என்று கட்டிப்போட்டிருந்தன. நிலம் சேர்ந்துகொண்டே போனது. நான்காம் டியூக் மணந்த ஷார்லட் பாயில் வழியாக அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டை, யார்க்‌ஷயரின் போல்டன் ஆபி, லண்டனருகே சிஸ்விக் மாளிகை எல்லாம் வந்து சேர்ந்தன. ஸ்டாஃபர்ட்‌ஷயரில் எக்டன் செம்புச் சுரங்கம் ஐந்தாம் டியூக்குக்குப் பெரும் வருவாய் கொடுத்தது. அவர் பக்ஸ்டன் ஊரில் பிறைவடிவக் கட்டடம் எழுப்பிய காலம் அது.

நான்காம் டியூக் வீட்டின் வாசலையே திருப்பியவர். மேற்கிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தால்தான் வீடு அழகாகத் தெரியும் என்று முடிவு செய்து, கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக் கலைஞரை வைத்துப் பூங்காவையும், ஜேம்ஸ் பெய்னை வைத்துப் பாலத்தையும் 80 குதிரைகளுக்கான லாயத்தையும் அமைத்தார். பார்வைக்குக் குறுக்கே நின்ற எடன்சர் கிராமத்து வீடுகள் இடிக்கப்பட்டன. மிச்சம் இருந்ததை ஆறாம் டியூக் 1838 முதல் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மாற்றிக் கட்டினார். புதிய வீடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று சுற்றுலா வழிகாட்டிகள் புகழ்வார்கள். நல்ல வீடுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒருவருடைய ஜன்னல் காட்சிக்காக ஓர் ஊர் நகர வேண்டியிருந்தது என்பதையும் அந்தப் புகழோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆறாம் டியூக் கதையின் நடுப்புள்ளி. 1811ல் 21 வயதில் பட்டத்துக்கு வந்தவர், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர், செலவுக்கு அஞ்சாதவர். வயாட்வில் என்பவரைக் கொண்டு வடக்கே ஒரு நீண்ட பகுதியைச் சேர்த்தார். சாப்பாட்டு அறை, சிற்பக்கூடம், நாடக அரங்கு எல்லாம் அதில் அடக்கம். 1826ல் ஜோசப் பாக்ஸ்டன் என்ற 22 வயது இளைஞரைத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். அந்த நியமனம் உலகக் கட்டடக் கலை வரலாற்றையே தொட்டது.

பாக்ஸ்டனின் வேலைகளில் முதலில் நீரூற்று. ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் 1844ல் வரக்கூடும் என்று செய்தி. அவருடைய அரண்மனை நீரூற்றைவிட உயரமாக ஒன்று வேண்டும். நீராவி எஞ்சின் வைத்துத் தண்ணீரை அடிக்க பாக்ஸ்டன் நினைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மலை இருக்கிறது, மேட்டுநிலத்துச் சதுப்பில் மழைநீர் இருக்கிறது. வீட்டுக்கு மேலே சுமார் 350 அடி உயரத்தில் 8 ஏக்கரில் ஒரு குளம் வெட்டினார். சதுப்பிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி நீரைக் குளத்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து 15 அங்குல விட்டமுள்ள வார்ப்பிரும்புக் குழாய் மலைச்சரிவில் இறங்கித் தோட்டத்துக்கு வருகிறது. ஆறே மாதத்தில், ராத்திரி விளக்கு வைத்துக்கூட வேலை நடந்தது. நீர் 296 அடி, அதாவது 90 மீட்டர் எழும்பியதாகப் பதிவு.

350 அடி உயர நீர், குழாயின் அடியில் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் சுமார் 150 பவுண்டு அழுத்தம் கொடுக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் நீர் ஏன் அதே உயரத்துக்கு எழும்பவில்லை என்றால், குழாய்ச் சுவரோடு உரசுவதில் கொஞ்சம் போகிறது, காற்றில் சிதறுவதில் நிறையப் போகிறது. குழாயைப் பெரிதாக எடுத்ததே உரசலைக் குறைக்கத்தான். சிறிய குழாயில் நீர் வேகமாக ஓட வேண்டியிருக்கும், வேகம் இரட்டித்தால் உரசல் இழப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும். நிஜமான ஆபத்து வால்வில் இருக்கிறது. இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஏறி குழாயை அறையும். இணைப்புகள் பிளந்துவிடும். அதனால் அந்த வால்வை மெல்ல மெல்ல, நிமிடக் கணக்கில்தான் திறக்கவும் மூடவும் முடியும்படி செய்தார்கள். குளத்தில் இருக்கும் நீர் அளவானது என்பதால் முழு உயரத்துக்கு நாள் முழுவதும் விட முடியாது. இன்றும் பெரும்பாலும் குறைந்த உயரத்தில்தான் ஓடுகிறது.

சக்கரவர்த்தி வரவில்லை. ஆனால் அந்த நீர் வீணாகவில்லை. 1893ல் மலையிலிருந்து இறங்கும் நீரைக் கொண்டு டர்பைன் சுழற்றி வீட்டுக்கு மின்விளக்கு போட்டார்கள். 1936ல் பொது மின்சாரம் வரும்வரை அது ஓடியது. 1988ல் புதிய டர்பைன் வைத்து மறுபடியும் வீட்டுத் தேவையில் ஒரு பகுதியை எடுக்கிறார்கள். ஆறாம் டியூக்கின் ஆடம்பரங்களில் பின்னாளில் வருமானமாகத் திரும்பியது இது ஒன்றுதான் என்பேன்.

அவருடைய இன்னொரு பெரிய வேலை எதிர்த் திசையில் போனது. 1836ல் தொடங்கி 1840ல் முடிந்த கண்ணாடி வீடு சுமார் 84 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். நடுவே குதிரை வண்டி போகலாம். 1843 டிசம்பரில் விக்டோரியா அரசி வந்தபோது, ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிய, வண்டியிலேயே உள்ளே போய்வந்தார். கூரையை பாக்ஸ்டன் மடிப்பு மடிப்பாக, மேடும் பள்ளமுமாக அமைத்தார். காலையிலும் மாலையிலும் சரிந்து வரும் வெயில் கண்ணாடியில் நேராக விழும், மதியத்தின் உக்கிரம் குறையும் என்பது அதன் காரணம். கண்ணாடியைப் பிடிக்கும் சட்டங்கள் மரத்தால் ஆனவை. அவை பல கிலோமீட்டர் நீளத்துக்குத் தேவைப்பட்டதால், நீராவியால் ஓடும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்து அறுத்தார். சட்டத்திலேயே சின்னக் காடி உண்டு. வெளியே குளிர், உள்ளே ஈரமான சூடு என்பதால் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். செடியின் மேல் குளிர்நீர் சொட்டினால் இலை அழுகும். அந்த நீரை ஓரமாகக் கொண்டுபோகத்தான் காடி.

சூட்டுக்கு, தரைக்கு அடியில் எட்டு கொதிகலன்கள், 7 மைல் இரும்புக் குழாய். நிலக்கரி சுரங்கப்பாதை வழியே சிறு தண்டவாளத்தில் வரும். புகை தரைக்கடியிலேயே போய்க் காட்டுக்குள் இருந்த புகைபோக்கியில் வெளியேறும். விருந்தாளி கண்ணுக்கு நிலக்கரியும் தெரியாது, அள்ளுகிற ஆளும் தெரியமாட்டார். பல பிரபு மாளிகைகளை வரைந்து காட்டும் வரைபடங்களில் இதே சிந்தனையைப் பார்க்கலாம். உழைப்புக்கென்று தனிப்படிக்கட்டு, தனிச் சுரங்கம், தனி வாசல்.

இந்தத் தோட்டத்துக்கும் இந்தியாவுக்கும் நேரான தொடர்பு உண்டு. 1835ல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரரை டியூக் இந்தியாவுக்கு அனுப்பினார். முக்கியமாகத் தேடியது அம்ஹெர்ஸ்டியா என்ற பூமரம். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் நத்தேனியல் வாலிச் உதவினார். காசி மலைகளில் திரிந்து நூற்றுக்கணக்கில் ஆர்க்கிட் சேகரித்து, கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கப்பலில் கொண்டுபோனார் கிப்சன். ஏறக்குறைய அதே சமயம், மொரீஷியஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்திருந்த ஒரு சீன வாழையை பாக்ஸ்டன் வாங்கி வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்தது. டியூக்கின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார். நம்மூரில் மோரிஸ் என்றும் ஜி9 என்றும் விற்பது அந்த கேவண்டிஷ் வகையைச் சேர்ந்த பழங்கள்தான். நம் வாழையெல்லாம் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தவை என்று சிலர் எழுதுவது சரியல்ல. ஆசியாவில் அந்த இனம் முன்பே இருந்தது. சாட்ஸ்வொர்த்திலிருந்து கன்றுகள் போனது பசிபிக் தீவுகளுக்கு. உலகம் முழுக்க வழங்குகிற பெயர் மட்டும் அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே பிறந்தது.

1849 நவம்பரில் தென்னமெரிக்க ராட்சத அல்லி பிரிட்டனில் முதன்முதலாகப் பூத்ததும் பாக்ஸ்டன் கையில்தான். அதற்காகக் கட்டிய சிறிய கண்ணாடி வீட்டின் கூரை முறையே 1851ல் லண்டனில் உலகக் கண்காட்சிக்காக எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மண்டபம் ஆனது.

1858ல் ஆறாம் டியூக் இறந்தபோது கடன் சுமார் 10 லட்சம் பவுண்டு. வாரிசு இல்லாததால் உறவினர் ஒருவர் ஏழாம் டியூக் ஆனார். சிக்கனமானவர், கணிதம் படித்தவர். கடனை அடைக்க பாரோ என்ற ஊரில் எஃகு ஆலை, கப்பல் கட்டும் தளம், ரயில்பாதை என்று முதலீடு செய்தார். முதலில் லாபம் கொட்டியது. 1870களின் நடுவில் எஃகுத் தொழில் சரிந்தபோது, ஆலைகளை மூடவிடாமல் இருக்க மேலும் மேலும் கடன் வாங்கிக் கொட்டினார். அவர் இறக்கும்போது கடன் குறைந்திருக்கவில்லை, கூடியிருந்தது. அப்போது குடும்பத்திடம் இருந்த நிலம் சுமார் 2 லட்சம் ஏக்கர். அந்த அளவு நிலம் இருந்தும் தடுமாறியதற்குக் காரணம், வட்டி மாறாமல் போய்க்கொண்டிருக்க, அமெரிக்க தானியம் வந்து குவிந்ததில் விவசாயக் குத்தகை விழுந்ததுதான்.

அடுத்த அடி 1894ல் வந்தது. ஒருவர் இறந்ததும் அவருடைய மொத்தச் சொத்தின் மேல் வரி. முதலில் அதிகபட்சம் 8 சதவீதம். 1919ல் 40. 1949ல் 80 சதவீதம். 1908ல் பட்டத்துக்கு வந்த ஒன்பதாம் டியூக்தான் குடும்பத்தில் இதை முதலில் கட்டியவர். 5 லட்சம் பவுண்டுக்கும் மேல். அதற்காக இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் அச்சிட்ட மிகப் பழைய புத்தகங்களும் கெம்பிள் சேகரித்த நாடக நூல்களும் அமெரிக்காவின் ஹண்டிங்டன் நூலகத்துக்குப் போயின. லண்டன் பிக்காடிலியில் இருந்த டெவன்ஷயர் மாளிகை விற்கப்பட்டு 1924ல் இடிக்கப்பட்டது.

கண்ணாடி வீடு அதற்கு முன்பே போய்விட்டது. முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்கவில்லை, தோட்ட ஆட்கள் போர்முனைக்குப் போனார்கள். வெப்பநாட்டுச் செடிக்கு ஒரு குளிர்காலம் போதும். போர் முடிந்தபோது உள்ளே உயிரோடு அதிகம் இல்லை. மரச் சட்டம் உளுத்து, பூச்சுப் பசை உதிர்ந்து, பழுதுபார்க்கும் செலவு கட்டுபடியாகாது என்றானது. 1920ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரே முயற்சியில் விழவில்லை. அதன் அடிச்சுவர்களுக்குள் இப்போது, 1962ல் நட்ட யூ மரப் புதிர்வழி இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் டியூக் சமயோசிதமாக ஒன்று செய்தார். ராணுவம் தங்கினால் வீடு நாசமாகும் என்று, வேல்ஸிலிருந்து இடம் தேடிய பென்ரோஸ் பெண்கள் பள்ளியை அழைத்துக்கொண்டார். மாணவிகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர். அரச அறைகள் தூங்கும் கூடங்கள் ஆயின. ராணுவத்தைவிட நல்ல விருந்தாளிகள்தான். ஆனால் சூடேற்ற வழியில்லாத அறையில் அத்தனை பேர் இரவெல்லாம் மூச்சுவிட, அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, ஓவியங்களின் பின்பக்கம் பூஞ்சை பூத்தது. பழைய மாளிகைகளைப் பராமரிக்கிறவர்கள் வெப்பநிலையைவிட ஈரப்பதத்துக்குப் பயப்படுவது இதனால்தான். ஈரம் ஏறினால் பூஞ்சையும் பூச்சியும், இறங்கினால் மரம் சுருங்கி, ஒட்டிய மெல்லிய பலகை பெயரும். மொத்தத்தில் 50 முதல் 60 சதவீதத்தில் நிலையாக நிறுத்தவே பார்ப்பார்கள். மனிதருக்குக் குளிர்ந்தாலும் பரவாயில்லை.

பட்டத்துக்குரிய மூத்த மகன் வில்லியம், 1944 மே மாதம் ஜான் கென்னடியின் தங்கை கேத்லீனை மணந்தார். செப்டம்பரில் பெல்ஜியப் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். கேத்லீன் 1948ல் விமான விபத்தில் இறந்து எடன்சர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். வாரிசுரிமை இரண்டாம் மகன் ஆண்ட்ரூவிடம் வந்தது. பத்தாம் டியூக் 1946ல் சொத்தை மகன் பெயருக்கு மாற்றினார். மாற்றியபின் ஐந்தாண்டு உயிரோடு இருந்தால் வரி கிடையாது. 1950 நவம்பர் 26 அன்று, கெடு முடியச் சில வாரங்களே இருக்கையில், ஈஸ்ட்போர்ன் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 55. வரி 80 சதவீதம்.

சுமார் 70 லட்சம் பவுண்டு. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ரூ என்ன கொடுத்தார் என்பதைப் பார்த்தால் வரியின் எடை புரியும். பல்லாயிரம் ஏக்கர் நிலம். பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹால் முழுதாக அரசுக்கு, பிறகு 1959ல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றியின் மாதிரிப் படம், மெம்லிங்கின் மூன்று பலகை ஓவியம், கிளாடின் சித்திரத் தொகுதி, பத்தாம் நூற்றாண்டுப் புனித ஏதெல்வோல்டின் ஆசீர்வாத நூல் ஆகியவை பொது அருங்காட்சியகங்களுக்கு. கணக்கு தீர 1967 ஆயிற்று. இந்த வரியை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பொருட்களை இன்று லண்டனில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் ஒரே சாவில் ஒரே தடவையாக விழுந்ததால்தான், அதே காலத்தில் நூற்றுக்கணக்கான சிறிய மாளிகைகள் கூரை ஈயத்துக்கும் கல்லுக்கும் விற்கப்பட்டுத் தரைமட்டமாயின. சாட்ஸ்வொர்த் தப்பியது கொடுப்பதற்கு இன்னும் ஏதோ இருந்ததால்.

1949லேயே வீடு மீண்டும் பார்வையாளர்களுக்குத் திறந்திருந்தது. அதற்குமுன் பள்ளிக்காலத்து அழுக்கைத் துடைத்துச் சரிசெய்ய, இலோனா, எலிசபெத் சொலிமோசி என்ற ஹங்கேரியச் சகோதரிகள் பொறுப்பேற்றார்கள். ஆண்ட்ரூவும் மனைவி டெபோராவும் 1959ல்தான் குடிவந்தார்கள். குழாய், மின்கம்பி, வெந்நீர் எல்லாம் மாற்றி, 17 குளியலறைகள் புதிதாகப் போட்ட பிறகு. 1973ல் குழந்தைகளுக்கான பண்ணை முற்றம், 1977ல் பண்ணைக் கடை. இரண்டிலும் டெபோராவின் கை அழுத்தமாகத் தெரியும்.

நிலையான தீர்வு 1981ல் வந்தது. பூசான் என்ற பிரெஞ்சு ஓவியரின் படம் ஒன்றையும் வேறு சிலவற்றையும் விற்றுக் கிடைத்த பணத்தை முதலாக வைத்து ஓர் அறக்கட்டளை. வீடு, தோட்டம், பூங்காவின் பெரும்பகுதி எல்லாம் 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டு வாடகை ஒரு பவுண்டுக்கு, அறக்கட்டளையிடம் போயின. டியூக் குடும்பம் தாம் தங்கும் பகுதிக்குச் சந்தை வாடகை கொடுக்கிறது. நுழைவுச்சீட்டுப் பணமும் முதலின் வருமானமும் பராமரிப்புக்குத்தான். டியூக் இறந்தாலும் இனி வீட்டின் மேல் வரி விழாது. முன்பு மூத்த மகன் என்ற முறை செய்த வேலையை இப்போது அறக்கட்டளைப் பத்திரம் செய்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன என்பதைக் கூரையில் பார்க்கலாம். ஈயத் தகடு வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், சரிவில் தன் எடையிலேயே மெல்ல இறங்கும். பெரிய தகடாகப் போட்டால் சில பத்தாண்டுகளில் அயர்ந்து கீறல் விடும். சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, ஓரங்களை ஆணியால் இறுக்காமல் நழுவ விட்டு மடிக்க வேண்டும். கீறல் தலைமுடி அளவுதான் இருக்கும். உள்ளே உத்தரம் உளுத்து, கீழே இருக்கும் 17ஆம் நூற்றாண்டுச் சித்திரக் கூரையில் கறை தெரிகிற நாளில்தான் வெளிப்படும். அதனால் பத்து ஆண்டுக்கும் மேலாக நடந்த பெரும் சீரமைப்பில், சாரம் கட்டி ஈயத்தையும் கல்லையும் ஜன்னல் சட்டத்தின் தங்கப் பூச்சையும் ஒவ்வொரு பக்கமாகப் புதுப்பித்தார்கள். 2018ல் அது முடிந்தது.

இப்போது முறை தோட்டத்துப் படி அருவிக்கு. 1696ல் கிரில்லே என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்தது, 24 தொகுதிப் படிகள். படிகளின் அமைப்பு மாறுவதால் நீர் விழும் சத்தமும் மாறிக்கொண்டே வரும். கல் இணைப்புகள் வழியே நீர் மண்ணுக்குள் இறங்கினால், மண் கரைந்து கல் தாழும், கல் தாழ்ந்தால் இணைப்பு இன்னும் அகலும். வரும் நீரைவிடக் கசியும் நீர் தொல்லையாகிவிட, அருவியை நிறுத்திவிட்டு, கல்லைக் கழற்றி அடித்தளத்திலிருந்து சரிசெய்யப் பணம் திரட்ட வேண்டி வந்தது.